பங்குனி ஆமையும் ரணகள்ளியும்: எதை எதோடு ஒப்பிடுவது?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார். பதினொன்றாவது படிக்கும் மகளுக்குப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்காகச் சீட்டுக் குலுக்கித் தலைப்பு கொடுத்தார்களாம். வந்து விழுந்தது, "ஒரு கடல் ஆமையையும் பூக்கும் சதைப்பற்றுத் தாவரம் ஒன்றையும் ஒப்பிடுக" என்பது. "ஒன்று கடலில் நீந்துகிறது, இன்னொன்று தொட்டியில் நிற்கிறது. இதில் ஒப்பிட என்ன இருக்கிறது? செடி சேலத்திலோ ஏற்காட்டிலோ கிடைக்கிறதாக இருந்தால் நல்லது" என்கிறார்.

நிறையவே இருக்கிறது அம்மா. சேலத்துப் பிள்ளைகளுக்குப் பல வருடம் தாவரவியல் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சார்ட்டில் நடுவே கோடு போட்டு, "ஆமைக்கு நான்கு துடுப்பு, செடிக்கு இலை, ஆமை நகரும், செடி நகராது" என்று பாப்பா எழுத ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் விஷயம் தீர்ந்துவிடும். பார்க்கிறவர்களுக்கும் அதில் ஒன்றும் இருக்காது. உருவத்தை விட்டுவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவான கஷ்டம் என்ன, அதை ஒவ்வொன்றும் எப்படிச் சமாளிக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். நல்ல தண்ணீர் கிடைக்காத இடத்தில் பிழைப்பது ஒரு கஷ்டம். அடுத்த தலைமுறையை விட்டுப்போவது இன்னொன்று. முதலாவதில் இரண்டும் ஆச்சரியமாக நெருங்கி வரும். இரண்டாவதில் எதிரெதிர்த் திசையில் போகும். கண்காட்சிக்கு வருகிறவர்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டியது அந்த இரண்டாவது விஷயம்தான்.

ஆமையில் தேர்வு சுலபம். தமிழ்நாட்டுக் கரைக்கு அதிகமாக வந்து முட்டையிடுவது ஆலிவ் ரிட்லி என்ற சிற்றாமை. தை மாதம் தொடங்கிப் பங்குனி வரை கரையேறுவதால் பங்குனி ஆமை என்றும் சொல்வார்கள். கடல் ஆமைகளில் சிறிய இனங்களில் ஒன்று. ஓடு இரண்டடிக்குக் கொஞ்சம் கூட இருக்கும், எடை 35 முதல் 45 கிலோ வரை. சேலத்துக்குக் கடல் கிடையாது என்றாலும் சென்னை, கடலூர், நாகப்பட்டினம் கரைகளுக்கு வருவது இதுதான் என்பதால் நமக்கு உறவுதான்.

செடியில்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது. ரயில் பாதை ஓரமெல்லாம் நிற்கும் ஆனைக்கற்றாழை வாழ்நாளில் ஒரே முறை பூத்துவிட்டுச் செத்துப்போகும். பாப்பாவின் கண்காட்சிக்காக அது பூக்காது. ஏற்காடு நர்சரிகளில் விற்கும் அடினியம் அழகுதான், ஆனால் சொல்வதற்குக் கதை குறைவு. கரட்டுப் பாறை இடுக்கில் முளைக்கும் கள்ளிமுளையான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் அதைப் பிடுங்கி வரச் சொல்ல மனசில்லை, மலையிலேயே இருக்கட்டும். நான் சொல்வது ரணகள்ளி. கலன்கோ பின்னேட்டா என்பது அறிவியல் பெயர். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று நம் பக்கத்துப் பாட்டிமார் சொல்லும் அதே செடி. இலையை நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து, ஓரத்தில் குட்டிச்செடி வருகிறதா என்று தினமும் திறந்து பார்க்காத பிள்ளை உண்டா? சொந்த ஊர் மடகாஸ்கர். எப்போதோ இங்கே வந்து நம் வீட்டுச் செடியாகிவிட்டது. மழைக்காலம் முடிந்து நாள் குறுகும்போது நீளமான தண்டு விட்டு, தலைகீழாகத் தொங்கும் குழாய்ப் பூக்களைக் கொத்துக் கொத்தாக விடும். வெளியுறை ஊதின பை மாதிரி இருக்கும், விரலால் அழுத்தினால் "டப்" என்று வெடிக்கும். தேன்சிட்டு வந்து பூவில் தொங்கித் தேன் குடிக்கும். அறிவியலில் இந்தச் செடிக்கு ஒரு தனி இடம் உண்டு, அதற்கு வருகிறேன்.

முதலில் ஆமையின் தண்ணீர்ப் பஞ்சம். கடலில் இருக்கிறதற்கு என்ன பஞ்சம் என்று தோன்றும். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு இருக்கிறது. ஆமையின் ரத்தத்தில் இருக்கும் உப்பு அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான். நண்டு, இறால், சொறிமீன் என்று அது தின்னும் ஒவ்வொரு வாய் இரையோடும் கடல் உப்பு உள்ளே போகிறது. ஊர்வனவற்றின் சிறுநீரகத்துக்கு அவ்வளவு உப்பையும் வெளியேற்றும் திறமை இல்லை. அதனால் கண்ணுக்குப் பின்னால் பெரிய உப்புச் சுரப்பி ஒன்றை வைத்திருக்கிறது. அது வடிக்கும் கண்ணீர் கடல்நீரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு உப்பு. கடல் ஆமைகளில் மிகப் பெரியதான தோணி ஆமைக்கு இந்தச் சுரப்பி மூளையைவிடப் பெரியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் முட்டையிடும்போது ஆமை அழுகிறது, பிரசவ வலி தாங்காமல் அழுகிறது என்று சொல்வார்கள். உண்மையில் கடலுக்குள்ளேயும் அது எந்நேரமும் அப்படித்தான் வடித்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் நமக்குத் தெரிவதில்லை. முட்டையிலிருந்து வந்து மணலில் காய்ந்துபோன குஞ்சுகூட கடலைச் சேர்ந்ததும் உப்புத்தண்ணீரையே குடித்து, உப்பைக் கண் வழியாகத் தள்ளிவிட்டு, இழந்த எடையைத் திரும்பப் பிடித்துவிடும்.

ரணகள்ளியின் வழி வேறு. செடிக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும், அதற்கு இலைத்துளையைத் திறக்க வேண்டும், திறந்தால் தண்ணீர் ஆவியாகிப் போகும். ஏப்ரல் மாதத்துச் சேலம் வெயிலில் துளையைத் திறந்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் இது பகலில் துளையை மூடிவிடுகிறது. ராத்திரி குளிர்ந்த பிறகு திறந்து, கார்பன் டை ஆக்சைடை வாங்கி, மாலிக் அமிலமாக மாற்றி, செல்லுக்குள் இருக்கும் வாக்குவோல் என்ற பையில் சேமித்து வைக்கிறது. விடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு, சேமித்த அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடைப் பிரித்தெடுத்து வெயிலில் உணவு சமைக்கிறது. ஒரு கிராம் கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க நெல் மாதிரி சாதாரணச் செடி 400 முதல் 500 கிராம் தண்ணீரை இழக்கும். இந்த வகைச் செடிக்கு 50 முதல் 100 கிராம் போதும்.

பதினொன்றாம் வகுப்புப் புத்தகத்தில் கிராசுலேசியன் அமில வளர்சிதைமாற்றம் என்று ஒரு வாயில் நுழையாத பெயரில் வருவது இதுதான். கிராசுலேசி என்பது ரணகள்ளியின் குடும்பப் பெயர். இதைக் கண்டுபிடித்த வரலாற்றில் நம் ஊருக்கும் பங்கு இருப்பதை யாரும் பாப்பாவுக்குச் சொல்லியிருக்க மாட்டார்கள். டேனிஷ்காரர் வசம் இருந்த தரங்கம்பாடிக்கு மொரேவியன் மிஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பைச் சேர்ந்தவராக வந்தவர் பெஞ்சமின் ஹைன். பிறகு கிழக்கிந்தியக் கம்பெனிக்கு மதராஸ் பக்கம் தாவரவியலாளராக வேலை செய்தார். இந்தியாவில் வளர்ந்த இந்தச் செடியின் இலையை அவர் வாயில் போட்டு மென்று பார்த்திருக்கிறார். காலையில் நல்ல புளிப்பு. உச்சிவேளையில் சுவையே இல்லை. சாயங்காலம் லேசான கசப்பு. இதைக் கடிதமாக எழுத, 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அது அச்சானது. அமிலம் ராத்திரி ஏறிப் பகலில் இறங்குகிறது என்பதற்கான ஆரம்பகாலப் பதிவுகளில் முக்கியமானது அது. எந்தக் கருவியும் இல்லை, நாக்கு ஒன்றுதான்.

பாப்பா ஹைன் மாதிரி மென்று பார்க்க வேண்டாம். இந்தச் செடியில் இதயத்தைத் தாக்கும் பூஃபாடையனோலைடு என்ற நச்சுப் பொருள்கள் இருக்கின்றன, பூவில் இன்னும் அதிகம். ஆடுமாடு நிறையத் தின்றால் செத்துப்போவதும் உண்டு. சிறுநீரகக் கல்லுக்கு இதன் இலையைத் தின்கிறவர்கள் நம் பக்கம் நிறைய இருக்கிறார்கள். வைத்தியம் எனக்குத் தெரியாது. ஆனால் ஸ்கேன் எடுக்காமல், டாக்டரைப் பார்க்காமல் இலையை மட்டும் நம்பியிருப்பது சரியில்லை என்று சொல்லத் தெரியும். (விஷம் ஆமைப் பக்கத்திலும் உண்டு. அழுங்காமை என்ற இன்னொரு கடல் ஆமையின் கறியைத் தின்று கடலோரத்தில் ஆட்கள் இறந்திருக்கிறார்கள். இதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகலாம், ஒப்பீட்டில் பெரிய இடம் தேவையில்லை.)

நாக்குக்குப் பதில் அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாள் போதும், பள்ளி ஆய்வகத்திலேயே இருக்கும். விடியற்காலையில், வெயில் படுவதற்கு முன் ஓர் இலையைப் பறித்து நசுக்கிச் சாறெடுத்துத் தாளில் தொட வேண்டும். அதே செடியில், அதே வயதுடைய இலையைச் சாயங்காலம் பறித்து அதே மாதிரி செய்ய வேண்டும். காலைச் சாறு நன்றாக அமிலத்தன்மை காட்டும், மாலைச் சாறு குறைவாகக் காட்டும். இன்னும் சுத்தமாகச் செய்ய வேண்டுமென்றால் வேதியியல் ஆசிரியரிடம் கேட்டு ஃபீனால்ப்தலீன் என்ற நிறங்காட்டி போட்டு, அமிலம் எவ்வளவு என்று அளக்கும் தரம்பார்த்தல் செய்யலாம். ராத்திரி குளிராகவும் பகல் நல்ல வெயிலாகவும் இருந்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஏற்காட்டில் சொந்தக்காரர்கள் யாராவது இருந்தால் மேலே ஒரு தொட்டி, கீழே சேலத்தில் ஒரு தொட்டி என்று வைத்துப் பார்க்கலாம். ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. ஒரே நாளில் இரண்டு விதமான ராத்திரி கிடைக்கிற வசதி எத்தனை ஊர்க்காரர்களுக்கு இருக்கிறது?

இந்த இடத்தில் ஆமையைத் திரும்பக் கொண்டுவரலாம். பகல் முழுக்கச் செடி வாயை மூடிக்கொண்டு, உள்ளே சேர்த்து வைத்ததைக் கொண்டு காலம் தள்ளுகிறது. கடலுக்குள் ஆமையும் அப்படித்தான். அதற்குச் செவுள் கிடையாது, நம்மைப் போல நுரையீரல்தான். மேலே வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உள்ளே போய் அதைச் சிக்கனமாகச் செலவழிக்கும். சும்மா கிடந்து ஓய்வெடுக்கும்போது வெகு நேரம் தாங்கும். ஆனால் வலையில் மாட்டித் திமிறினால் சேமிப்பு சீக்கிரம் கரைந்துவிடும். செடிக்கு அவசரம் என்று ஒன்று கிடையாது, அமிலம் தீர்ந்தால் அடுத்த ராத்திரி வரை பொறுத்திருக்கும். ஆமைக்குப் பொறுக்க முடியாது.

இருட்டு இரண்டுக்குமே வேலை நேரம் என்பதைத் தனியாக ஒரு சார்ட்டில் போடலாம். நர்சரியில் கலன்கோ என்று சின்னச் சின்னப் பூவோடு சிவப்பு, மஞ்சள் நிறங்களில் விற்கிறார்களே, அது ரணகள்ளியின் நெருங்கிய உறவு. அதைப் பூக்கவைக்க வளர்ப்பவர்கள் தினமும் ஏறக்குறைய 14 மணி நேரம் இருட்டு கிடைக்கும்படி கறுப்புத் துணி போட்டு மூடுவார்கள். சில வாரம் இப்படிச் செய்தால் மொட்டு வரும். நடு ராத்திரியில் விளக்கு வெளிச்சம் பட்டால் கணக்குக் கெட்டு, பூக்காமலே போகலாம். ஆமைக் குஞ்சுகளும் பெரும்பாலும் ராத்திரியில்தான் மணலைவிட்டு வெளியே வரும். எந்தப் பக்கம் வெளிச்சமோ அந்தப் பக்கம் கடல் என்று நம்பி ஓடும். விளக்கில்லாத கரையில் அது சரியாகவே இருக்கும். கடற்கரைச் சாலையில் சோடியம் விளக்கு எரிந்தால் சாலையைப் பார்த்து ஓடி, வண்டியிலோ நாய் வாயிலோ போய்ச் சேரும். ஆமைப் பருவத்தில் கடற்கரை விளக்குகளை அணைக்கச் சொல்வது இதற்காகத்தான். இரண்டு தொட்டி கலன்கோ வாங்கி ஒன்றைத் தெருவிளக்குக்கு அடியிலும் மற்றதை இருட்டு மூலையிலும் வைத்துப் பார்க்கலாம். நாள் பிடிக்கும், ஆனால் கண்காட்சி மார்கழி, தை பக்கம் இருந்தால் சரியாக வரும்.

வெப்பத்தைப் பற்றியும் கொஞ்சம். ஆமைக்கு ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது முட்டை இருக்கும் மணலின் சூடு. 29, 30 டிகிரி செல்சியஸ் பக்கம் ஏறக்குறையச் சரிபாதி வரும். அதற்கு மேலே போனால் பெண் அதிகம், கீழே போனால் ஆண் அதிகம். கோடை கடுமையானால் என்ன ஆகும் என்று பாப்பாவே யோசிக்கட்டும். ரணகள்ளிக்கு இந்தப் பிரச்சினை இல்லை, ஒரே பூவில் ஆண் பாகமும் பெண் பாகமும் இருக்கின்றன.

இனி இரண்டாவது விஷயம், பிள்ளைகள். பங்குனி ஆமை கரையேறிப் பின்துடுப்பால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரி குழி தோண்டி, ஏறக்குறைய நூறு முட்டை இடும். வெள்ளையாக, டேபிள் டென்னிஸ் பந்து அளவில் இருக்கும். நூறு பந்து வாங்கி மணல் நிரப்பிய கண்ணாடித் தொட்டியில் புதைத்துக் காட்டினால் ஒரு குழி முட்டை என்றால் எவ்வளவு என்பது எல்லோருக்கும் விளங்கும். ஒரே குழியில் இருக்கும் குஞ்சுகளுக்கு அப்பன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை, பல ஆண்களின் குஞ்சுகள் கலந்திருப்பதை மரபணுச் சோதனையில் பார்த்திருக்கிறார்கள். தாய் மணலைத் தள்ளி மூடிவிட்டுப் போய்விடும், திரும்பிப் பார்க்காது. 45 முதல் 60 நாளில் பொரியும். நண்டு, காக்கை, நாய், மீன் எல்லாம் போக, பெரிதாகி முட்டையிட வருவது ஆயிரத்தில் ஒன்று என்று பொதுவாகச் சொல்வார்கள். அதுவும் வளர்ந்து வர ஏறக்குறைய 15 வருடம் பிடிக்கும்.

ரணகள்ளிக்குப் பூவும் விதையும் இருந்தாலும் அது நம்பியிருப்பது இலையை. இலை கீழே விழுந்து ஈர மண்ணைத் தொட்டால் ஓரத்துப் பள்ளம் ஒவ்வொன்றிலிருந்தும் வேரும் தளிருமாகக் குட்டி கிளம்பும். செடியிலேயே இருக்கும் இலையில் சாதாரணமாக வராது, பிரிந்தால்தான் வரும். இந்தக் குட்டிகள் எல்லாம் தாயின் அச்சு அசல், மரபணுவில் வித்தியாசமே இல்லை. தாய்ச்செடியை ஆடு மேய்ந்துவிட்டுப் போனாலும் கீழே கிடக்கும் ஒரு துண்டிலிருந்து குடும்பம் மறுபடி எழுந்துவிடும். ஜெர்மன் கவிஞர் கதே இந்தச் செடியின் மேல் பித்தாக இருந்து, இலைகளை நண்பர்களுக்கு அனுப்பினார் என்பது கொசுறுத் தகவல்.

ஆக, ரணகள்ளியில் எந்தத் துண்டும் முழுச் செடியின் விதை. ஆமையில் அப்படி ஒரு துண்டும் கிடையாது. 15 வருடம் வளர்ந்த ஒரு பெண் ஆமை செத்தால் அதற்கு ஈடாக இன்னொன்று வர ஆயிரம் முட்டையும் இன்னொரு 15 வருடமும் வேண்டும். இதனால் ஆமையைக் காப்பாற்றுவது என்றால் எதைக் காப்பாற்றுவது என்ற கேள்வி வருகிறது. நம் மனசு முட்டையையும் குஞ்சையும்தான் நினைக்கும். அந்த வேலையும் நடக்கிறது. சென்னையில் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே ராத்திரியில் நடந்து, குழிகளைக் கண்டுபிடித்து, முட்டைகளைப் பொரிப்பகத்துக்கு மாற்றி வருகிறது. இட்டுச் சில மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்ட பிறகு முட்டையைப் புரட்டினால் செத்துவிடும். அருமையான வேலை, பாப்பா வளர்ந்த பிறகு ஒரு தை மாதம் போய் நடந்துவிட்டு வரட்டும்.

ஆனால் கணக்கு வேறொன்றைச் சொல்கிறது. டெபரா க்ரௌஸ் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய இரண்டு சகாக்களும் 1987இல் பெருந்தலை ஆமை என்ற இன்னொரு கடல் ஆமை இனத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டார்கள். முட்டை அத்தனையையும் காப்பாற்றினால்கூட அந்தக் கூட்டம் குறைவதை நிறுத்த முடியாது, ஓரளவு வளர்ந்த ஆமைகளின் சாவைக் குறைத்தால்தான் கூட்டம் பெருகும் என்று அதில் வந்தது. இழுவலைகளில் ஆமை வெளியேறும் வழி வைக்க வேண்டும் என்ற வாதத்துக்கு அந்தக் கணக்குப் பெரிய பலமானது. கம்பி வலைச்சட்டம் ஒன்றை வலைக்குள் சாய்வாகப் பொருத்துவார்கள். இறால் உள்ளே போகும், ஆமை சட்டத்தில் முட்டி மேலே உள்ள திறப்பு வழியாகத் தப்பிக்கும். கொஞ்சம் மீனும் சேர்ந்து தப்பிக்கும் என்பதால் மீனவர்களுக்கு இதில் மனக்குறை உண்டு, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கின. ஒதுங்கினவை பெரும்பாலும் வளர்ந்த ஆமைகள். வலையில் மாட்டி மூச்சு முட்டிச் செத்திருக்கும் என்பதுதான் அப்போது பரவலாகச் சொல்லப்பட்ட காரணம். நம் கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15இல் தொடங்கி ஜூன் 14 வரை, மொத்தம் 61 நாள். அது மீன்களின் இனப்பெருக்கத்தை உத்தேசித்து வைத்தது. ஆமைகள் கரைக்குப் பக்கத்தில் கூடும் தையும் மாசியும் தடை தொடங்குவதற்கு முன்பே முடிந்துவிடுகின்றன. கண்காட்சியில் "சேலத்துக்கும் ஆமைக்கும் என்ன சம்பந்தம்?" என்று யாராவது நிச்சயம் கேட்பார்கள். சூரமங்கலம் மீன் மார்க்கெட்டில் ஜனவரி மாதம் நாம் வாங்கும் கடல் இறால் எந்த வலையில் வந்தது என்று பாப்பா திருப்பிக் கேட்கலாம். யாரையும் குற்றம் சொல்லும் குரலில் வேண்டாம், சாதாரணமாகக் கேட்டாலே போதும்.

பயணத்தைப் பற்றி ஒன்று சேர்த்துக்கொள்ளலாம். 2021இல் ஒடிசாவின் கஹிர்மாதா கரையில் எண் பொறித்த தகடு மாட்டி விட்ட ஒரு ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தில் குஹாகர் கரையில் முட்டையிட வந்தது. இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் வந்திருக்க வேண்டும். ரணகள்ளி தானாக ஓர் அடிகூட நகராது. ஆனால் மனிதர் கையில் ஏறி மடகாஸ்கரிலிருந்து வெப்பமண்டல நாடுகள் எல்லாவற்றுக்கும் போய்விட்டது. பசிபிக் கடலில் உள்ள கலபகோஸ் தீவுகளில் பேராமை என்ற பச்சைக் கடல் ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. அதே தீவுகளில் ரணகள்ளி அங்குள்ள செடிகளை நெருக்கும் களையாகப் பரவி, அதை ஒழிப்பது பெரும்பாடாகியிருக்கிறது. ஒன்றைக் காப்பாற்றவும் மற்றதைப் பிடுங்கவும் ஒரே இடத்தில் ஆள் வேலை செய்கிறார்கள்.

சட்டத்தையும் நினைவில் வையுங்கள். பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. கடற்கரையில் ஓடோ எலும்போ கிடைத்தாலும் கண்காட்சிக்கு என்று எடுத்து வரக் கூடாது. களிமண்ணிலோ காகிதக்கூழிலோ ஓடு செய்யலாம். செய்யும்போது தலையையும் துடுப்பையும் வெளியே நீட்டியபடியே வைக்கச் சொல்லுங்கள், கடல் ஆமையால் அவற்றை உள்ளே இழுத்துக்கொள்ள முடியாது.

செடிக்குச் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. பக்கத்து வீட்டில் கேட்டால் இலை கொடுப்பார்கள். கண்காட்சிக்கு இரண்டு வாரம் முன்பே ஈர மணல் தட்டில் பரப்பி வைத்தால் அன்றைக்குள் குட்டி வந்திருக்கும். பார்க்க வருகிற பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு இலை கொடுக்கலாம், தொட்டியில் மட்டும் வைக்கச் சொல்லி. மீந்த இலைகளை ஏற்காடு போகும் வழியில் மலைச்சரிவில் வீசிவிட வேண்டாம். வெயிலில் நன்றாகக் காயவைத்து, மொறுமொறுவென்று ஆன பிறகு குப்பையில் போடுங்கள். பாதி காய்ந்ததுகூட முளைத்துவிடும்.